ஒரு தடவைதான் கேட்பார்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

மொழி வகுப்பு டீச்சர் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறாள், ஸ்வீடிஷில். எனக்கு ஸ்வீடிஷில் விலை கேட்க வரும், பஸ்ஸுக்கு வழி கேட்க வரும். திட்ட வராது. திட்டாமல் இன்றைய நாளை எழுத முடியாது என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

வகுப்பிலிருந்து என்னை ஒரு பேக்கரிக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே மொழி பழக வேண்டுமாம். சம்பளம் கிடையாது. முதலாளியம்மா பெயர் எழுத்தில் கெர்ஸ்டின், வாயில் ஷெஷ்டின். காலையில் "கெர்ஸ்டின் மேடம்" என்று கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவள் திரும்பியே பார்க்கவில்லை. இன்னொருத்தி பெயர் ஓசா. பெயர்தான் அவளுக்கு ஓசா, ஓசியில் வேலை பார்ப்பது நான்.

விடியும் முன்பே பஸ் பிடித்ததில் வயிற்றுக்கு ஒன்றும் போடவில்லை. ஒன்பது மணிக்கு எல்லாரும் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஃபீகாவாம். காபி, கூடவே கடிக்க ஏதாவது. ஷெஷ்டின் சூடாக, பட்டை மணக்க மணக்க ஒரு தட்டு பன்னைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டி, "வேணுமா?" என்றாள். நான் "ஐயோ, வேண்டாம், பரவாயில்லை" என்றேன். நாலு வீட்டில் பழகியவள் வேறென்ன சொல்வாள்? அவள் "சரி" என்று தட்டை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டாள். நகர்த்தியேவிட்டாள்! இன்னொரு தடவை கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? மத்தியானம் வரைக்கும் வெறும் காபியோடு மாவு பிசைந்தேன். தலை கிறுகிறுத்துவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

இன்றைக்கும் அதே கூத்து. பன், "வேணுமா", நான் "வேண்டாம்", தட்டு போயே போச்சு. வாய் என்னை அறியாமல் சொல்லிவிடுகிறது. நான் என்ன செய்ய?

வியாழக்கிழமை என்றால் இந்த ஊரில் பட்டாணி சூப்பாம். பள்ளிக்கூடம், ஆபீஸ், பட்டாளம் எல்லா இடத்திலும். மஞ்சள் பட்டாணியைக் குழைய வேகவைத்து, காரம் புளி எதையும் கிட்டே சேர்க்காமல், ஓரத்தில் கொஞ்சம் கடுகு விழுது வைத்துத் தருகிறார்கள். அது முடிந்ததும் அப்பம் மாதிரி ஒன்றை ஜாம் போட்டுத் தின்கிறார்கள். சூப்புக்கும் அப்பத்துக்கும் என்ன சொந்தம் என்று கேட்டேன். "வியாழக்கிழமை" என்றாள் ஓசா. அது ஒரு பதிலா?

சாயங்காலம் இலக்கியாவிடம் சொல்லிப் புலம்பினேன். என் மகளுக்குப் பதிமூன்று வயது. எட்டு வயதில் இங்கே வந்தவள், இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள். நான்தான் இந்த ஐந்து வருஷமும் வீட்டைத் தாண்டவில்லை.

"அம்மா, இங்க ஒரு தடவதான் கேப்பாங்க. நீ வேணாம்னா வேணாம்னுதான் அர்த்தம். திரும்பக் கேட்டா உன்னைத் தொந்தரவு பண்ற மாதிரி."

"பசியில கெடக்கது தொந்தரவு இல்லையாக்கும்?"

"பசிச்சா 'யா தாக்'னு சொல்லு. ஆமா, நன்றி. அவ்வளவுதான்."

அவர் சோபாவில் கிடந்து சிரிக்கிறார். என் வீட்டுக்காரர் சுடலைமணி. ஆபீஸில் மணி. இவருக்கு என்ன, டப்பாவில் எலுமிச்சை சாதம் போகிறது, ஒருத்தரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

யா தாக் சொன்னேன். பன் கிடைத்தது. சொன்னபோது கூச்சமாக இருந்தது, தின்றபோது இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

கை ஒடிந்துவிட்டது. இன்று செம்லா நாள். நோன்பு தொடங்குவதற்கு முந்தின செவ்வாய். நோன்பு ஒருத்தரும் இருப்பதில்லை, அதற்கு முன்னால் தின்பதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஏலக்காய் போட்ட பன்னின் தலையைச் சீவி, உள்ளே பாதாம் விழுதை அடைத்து, அதன் மேல் கோபுரம் மாதிரி கிரீம் பிழிந்து, சீவின தலையைத் திரும்ப வைத்துச் சீனிப் பொடி தூவ வேண்டும். காலையிலிருந்து தலை சீவினேன், தலை வைத்தேன்.

வரிசை கடையைத் தாண்டி ரோடு வரைக்கும், பனியில். ஒரு ஆள் இடிக்கவில்லை, ஒரு ஆள் முன்னால் நுழையவில்லை. எனக்கே பொறுக்கவில்லை. ஓசா கல்லாவில் தடுமாறுவதைப் பார்த்து நானே போய் நின்றுவிட்டேன். சங்கரன்கோவிலில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் டீச்சர் நான். ஆறு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தத்தையும் கட்டி மேய்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு கூட்டமா? எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வீடிஷில் "அடுத்தவங்க வாங்க, பெட்டி வேணுமா, சரி, அடுத்தவங்க" என்று ஓட்டினேன். மத்தியானத்துக்குள் வரிசை கடைக்குள் வந்துவிட்டது.

கடைசியில் ஷெஷ்டின் வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவ்வளவு முட்டாள்தனமா இல்ல."

முட்டாள்தனமா இல்லையா! ஓசியில் உயிரைக் கொடுத்து உழைத்தவளுக்கு இதுவா பாராட்டு? வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டில் இலக்கியா கேட்டுவிட்டுக் குதிக்கிறாள். "அம்மா! அது ரொம்பப் பெரிய பாராட்டும்மா! எங்க சார் எனக்கு ஒரு வருஷத்துல ஒரு தடவதான் அதச் சொன்னாரு!"

நல்லா இருக்கிறது ஊர். பாராட்டு வாங்கினதைக்கூட மகள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

இதையும் எழுதி வைக்கிறேன். ஃபீகாத் தட்டில் ஒரே ஒரு துண்டு கேக் மிச்சம். ஒருத்தரும் தொட மாட்டேன் என்கிறார்கள். ஓசா அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தாள். டெலிவரிக்கு வந்த ஆள் மீதிப் பாதியில் பாதியை வெட்டி எடுத்தான். ஷெஷ்டின் அதிலும் பாதி. கடைசியில் விரல் நகம் அளவுக்கு ஒன்று கிடக்கிறது, அதைச் சுற்றி நாலு பெரிய மனிதர்கள். கடைசித் துண்டை எடுப்பது மரியாதை இல்லையாம். ஆக இவர்களுக்கும் உபசாரம் தெரியத்தான் செய்கிறது. கேக்கிடம்தான் காட்டுவார்கள், மனுஷியிடம் காட்ட மாட்டார்கள்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஓசா ஏப்ரலிலிருந்து வேலையை விடுகிறாள். வடக்கே அவள் தங்கை ஊருக்குப் போய்த் தங்கப்போகிறாளாம். ஃபீகா முடிந்ததும் ஷெஷ்டின் என்னை மாவு அறைக்குள் கூப்பிட்டாள். ஏதோ தீய்ந்துவிட்டது போல என்று பயந்துகொண்டே போனேன்.

"ஓசா இடத்துல நீ வர்றியா? நிரந்தர வேலை. சம்பளம் உண்டு. உனக்கு இஷ்டமா?"

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அப்புறம் என் வாய் என்ன சொன்னது என்று எழுதக் கை கூசுகிறது. "ஐயோ, எனக்கு எதுக்கு? வேண்டாம், பரவாயில்லை. வீட்டில் மகள் இருக்கிறாள், அவர் இருக்கிறார், சிரமம்" என்றது.

அவள் "சரி. புரியுது" என்றாள். போய்விட்டாள்.

என்ன புரிந்தது அவளுக்கு? ஒரு பேச்சுக்குச் சொன்னது. கேட்ட மாத்திரத்தில் "ஆமாம்" என்று விழுந்தடித்தால் இதற்காகத்தான் காத்துக் கிடந்தாள் என்று நினைக்க மாட்டாளா? பன்னுக்கு ஒரு தடவைதான் கேட்பார்கள், அது தெரிந்ததுதான். இது பன் இல்லையே, வேலை. திங்கட்கிழமை திரும்பக் கேட்பாள். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 2, திங்கள்

கேட்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

கேட்கவில்லை. நான் தனியாக இருந்தால் கேட்பாள் என்று வேண்டுமென்றே மாவு அறையிலேயே நின்றேன். வந்தாள். ஈஸ்ட் எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 5, வியாழன்

ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "ஓசா என்றைக்குப் போகிறாள்?" "மார்ச் கடைசியில" என்றாள் ஷெஷ்டின். "அவள் போய்விட்டால் உனக்குக் கஷ்டம்தானே?" "ஆமா, கஷ்டம்தான்" என்றாள். அதோடு சரி. இதற்கு மேல் எப்படி ஜாடை காட்டுவது? சங்கரன்கோவிலில் ஒரு பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

பட்டாணி சூப். உப்பே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

எபநேசர் குடும்பத்தோடு வந்திருந்தார். நாகர்கோவில்காரர், இவரோடு வேலை பார்க்கிறவர். வாசலிலேயே "ஒண்ணும் வேண்டாம்க்கா, இப்பந்தான் சாப்பிட்டோம்" என்றார். நான் "அட, ரெண்டே ரெண்டு தோசை" என்றேன். "வேண்டவே வேண்டாம்க்கா." "அப்ப ஒண்ணு." உட்கார்ந்தார். மாவுச் சட்டி காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அவர் வேண்டாம் என்றது எனக்குப் புரிந்தது, நான் கேட்டது அவருக்குப் புரிந்தது. நடுவில் ஒருத்தரும் பட்டினி கிடக்கவில்லை.

அவர் மனைவி, "நீங்க ஊர்ல டீச்சராமே? விட்டுட்டு வர மனசு கஷ்டமா இல்லையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "அவளுக்கு என்ன கஷ்டம்? அவ சம்மதிச்சுத்தான வந்தோம்" என்றார்.

உண்மைதான், சம்மதித்தேன். அன்றைக்கு நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "கோமதி, ஸ்வீடன் கெடச்சிட்டு, சரின்னு சொல்லிட்டேன், உனக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். கையிலிருந்த கட்டுக்குள் பாதித் தாள் இன்னும் திருத்தப் பாக்கி இருந்தது.

அதை இப்போது எதற்கு எழுதுகிறேன்? நாளைக்கு அரிசி ஊறப்போட வேண்டும்.

மார்ச் 11, புதன்

கடையில் புதுசாக ஒருத்தி. போலந்துக்காரி, தனூத்தா. "ரெண்டு நாள் பார்த்துட்டுப் போவா" என்றாள் ஷெஷ்டின். ஃபீகாவில் தட்டு அவள் பக்கம் நீண்டது. "யா தாக்" என்று சொல்லி எடுத்தாள். தட்டு திரும்பி வரும் வழியில் இன்னொன்றையும் எடுத்தாள்.

நல்ல பெண்தான். கை சுறுசுறுப்பு. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

சனிக்கிழமை மிட்டாய் நாள். வாரம் முழுக்கப் பிள்ளைகள் மிட்டாயைத் தொடக்கூடாது, சனிக்கிழமை மட்டும் கடையில் தொட்டி தொட்டியாக இருப்பதில் அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு என்றுதான் பேச்சு. தொட்டியில் கைவிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நரைத்த தலை. இலக்கியா இருக்கிறதிலேயே கறுப்பாக ஒன்றை எடுத்து, "இது டேஸ்ட் பண்ணும்மா" என்று என் வாயில் போட்டாள். சீச்சீ! எங்கேயோ பழகின உவர்ப்பு, பழகின வாடை. வீட்டுக்கு வந்து பையைப் புரட்டிப் பார்த்தால், அதில் சேர்ப்பது சாட்சாத் நவச்சாரம். ஈயம் பூசுகிறவர் பித்தளைப் பாத்திரத்தில் போட்டுத் தேய்ப்பாரே, அதேதான். அதைக் காசு கொடுத்து வாங்கிச் சப்புகிறார்கள்.

நவச்சாரத்தின் எரிச்சலோ என்னவோ, அப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தபோது வேலை விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன்.

"வேலை குடுத்தாங்களா? நீ என்ன சொன்ன?" என்றார்.

"வேண்டாம்னேன்."

"ஏன்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். திரும்பக் கேப்பான்னு இருந்தேன். கேக்கல. இப்ப வேற ஒருத்தி வந்து நிக்கா."

"சரி விடு. நல்லதாப் போச்சு. பாப்பா ஸ்கூல் விட்டு வரையில வீட்ல ஆள் வேண்டாமா? நீயேதான வேண்டாம்னுருக்க, பெறகு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"எனக்கு ஆள் வேணாம். எனக்குப் பதிமூணு வயசு" என்றாள் இலக்கியா. பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, உனக்கு வேணுமா வேணாமா?" என்றாள்.

எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன். ஷெஷ்டின் மேல் வந்த கோபம் அங்கே நின்று யோசித்தபோது வேறு பக்கம் திரும்பிவிட்டது. நம் ஊரில் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்று மார்தட்டுகிறேனே, எதற்குக் கேட்டார்கள்? சோற்றுக்கு மட்டும்தான். இன்னொரு தோசை, இன்னொரு கரண்டி குழம்பு. படிப்பு, கல்யாணம், வேலையை விட்டது, ஊரை விட்டது, இதற்கெல்லாம் ஒருத்தரும் என்னை இரண்டாம் தடவை கேட்டதில்லை. பலதுக்கு முதல் தடவையே கேட்டதில்லை. இந்த வெள்ளைக்காரியாவது என் முகத்தைப் பார்த்து "உனக்கு இஷ்டமா" என்று ஒரு தடவை கேட்டாள்.

வயிறு எரிகிறது. நவச்சாரம்தான்.

மார்ச் 20, வெள்ளி

ஜூலையில் ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டதாம், மூன்று பேருக்கும். இவர் தம்பி கல்யாணம். ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார். "ஆஃபர்ல வந்துச்சு, போட்டுட்டேன். சந்தோஷம்தான?"

பதில் சொல்வதற்குள் டிவி போட்டுவிட்டார்.

மார்ச் 25, புதன்

இன்று வாஃபிள் நாள். கட்டம் போட்ட அப்பத்தை ஊரே தின்றது. இதற்கு என்ன நோன்பு என்று கேட்டேன். ஷெஷ்டினே சொன்னாள். முன்காலத்தில் இது மாதாவின் திருநாளாம். "எங்கள் அம்மையின் நாள்" என்பதை வேகமாகச் சொன்னால் அவர்கள் மொழியில் "வாஃபிள் நாள்" என்று காதில் விழுமாம். யாரோ தப்பாகக் கேட்டு, யாரோ வாஃபிள் சுட்டு, அதுவே வழக்கமாகிவிட்டது.

"ஒருத்தரும் திருத்தலையா?" என்றேன்.

"எதுக்குத் திருத்தணும்? வாஃபிள் நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பாகக் கேட்டதை ஒரு ஊரே சேர்ந்து தின்று தீர்த்துவிடும். நான் தப்பாகச் சொன்னதை நான்தான் திருத்தியாக வேண்டும். பயிற்சி நாளை மறுநாள் முடிகிறது. ஷெஷ்டின் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அன்றைக்கு வேலைக்கு வருகிறாயா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். அது பொய். எனக்கு வேண்டும்" என்றேன். இலக்கணம் என்ன ஆயிற்றோ தெரியாது. டீச்சர் கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

அவள் தட்டுகளைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"பின்ன ஏன் வேண்டாம்னு சொன்ன? நான் ரொம்ப யோசிச்சுத்தான் உன்னைக் கேட்டேன். எங்க கடை உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். எனக்கு எவ்வளவு வருத்தமா இருந்தது தெரியுமா?"

"எங்கள் ஊரில் முதல் தடவை எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். திரும்பக் கேட்க வேண்டும்."

"திரும்பக் கேட்டா உன்னை வற்புறுத்தற மாதிரி ஆகாதா?"

"வற்புறுத்தத்தான் வேண்டும்!" என்றேன். கத்திவிட்டேன் போல. ஓசா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஷெஷ்டின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தனூத்தாவிடம் சொல்லியாகிவிட்டது, கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்றாள். எனக்குத் தெரியும். நானே அவள் இடத்தில் இருந்தால் மாற்ற மாட்டேன். இருந்தாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாவுக் கையால் துடைத்து முகமெல்லாம் மாவு.

அப்புறம் அவளே சொன்னாள். "ஜூலை முழுக்க ஆள் இருக்காது. தனூத்தா அவ அம்மா ஊருக்குப் போறா. எனக்கும் விடுமுறை. யாராவது கடையைப் பார்த்துக்கணும். சம்பளம் உண்டு. நல்லாப் போனா ஆகஸ்ட்ல மேற்கொண்டு பேசலாம். வெள்ளிக்கிழமை வாசல்ல அறிவிப்பு ஒட்டப்போறேன்." என்னைப் பார்த்தாள். "உன்னைக் கேக்கட்டுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல."

"ஒட்டாதே. நான் வருகிறேன்" என்றேன். அவள் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். கூச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

சாயங்காலம் இவர் வந்ததும் காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "ஜூலை டிக்கெட்ல என்னுதக் கேன்சல் பண்ணிருங்க. நீங்களும் பாப்பாவும் போயிட்டு வாங்க. நான் வரல. கடையில வேலை ஒத்துக்கிட்டேன்."

"வெளையாடாத. என் தம்பி கல்யாணம்லா."

"தெரியும். வரல."

குளிக்கப் போனார். வந்தார். தட்டில் சோறு போட்டேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "நீ இல்லாம போயி நின்னா ஆளாளுக்குக் கேப்பாக. அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல? வந்துரு கோமதி" என்றார்.

"கேட்டா வேலையில இருக்கான்னு சொல்லுங்க. வரல."

சாப்பாடு முடிந்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். டிவி ஓடவில்லை.

"நீ எதுக்கும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவ, எனக்குத் தெரியும். அதான் திரும்பக் கேக்கேன். நெசமாவே வரலையா?"

எனக்குத் தெரியும் என்கிறார்! இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது. தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நெசமாவே வரல" என்றேன்.

அவர் உள்ளே போய் இலக்கியாவிடம், ஒரு ஆளுக்கு மட்டும் டிக்கெட்டைக் கேன்சல் செய்வது எப்படி என்று கேட்டது எனக்குக் கேட்டது.